தூங்கும் குழந்தையின் பக்கத்தில்

விளையாட்டில் படகு இரண்டாவது தீவைத் தாண்டினால் கேம் பெட்டி இரையத் தொடங்கிவிடும். அது அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டாவது தீவின் கரையிலேயே படகைக் கட்டினாள். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். புருவத்தில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, நாலு வாய் சாப்பிட்டுப் படுத்தாரானால் மாலை வெயில் ஜன்னலைத் தொடும்வரை அவருக்கு அதுதான் இரவு. கரண்டி கீழே விழுந்தால் போதும், கண் திறந்துவிடும். பிறகு எவ்வளவு புரண்டாலும் தூக்கம் வராது. வராத தூக்கத்தோடு மறுபடி அடுப்பின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

வீடென்றால் ஒரே அறை. ஓரத்தில் பலகைத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் சமையல், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் அவள் உட்காரத்தான் இடம் இருந்தது. காலையில் தலையணை உறை தைக்கும் யூனிட்டில் வேலை. மதியம் வந்து சமைத்து, கழுவி, துடைத்து முடித்தால் அவர் எழுந்து டீ கேட்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மிஞ்சும். யாரும் உரிமை கொண்டாடாத ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்காகத்தான் இந்தக் கேம் கன்சோலை வாங்கினாள். துணி துவைக்கும் மெஷினுக்கென்று சேர்த்து வைத்ததை எடுத்து வாங்கினாள். துணியைக் கையாலேயே துவைத்துப் பழகிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் துவைத்தால் கை என்ன தேய்ந்தா போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கல்யாண வயதில் பெண் இருக்கவேண்டிய ஒருத்திக்கு விளையாட்டென்ன என்று யூனிட்டில் சிலர் கேட்டார்கள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் ஒரு தம்பி இருந்தான். சின்ன வயதில் இருவரும் ஒரு பழைய கன்சோலை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. ஜெயிப்பது எப்போதும் அவள்தான். தோற்றால் அவன் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுவான். சிரித்தால் குரங்குச் சேட்டை, அழுதால் ஊரைக் கூட்டும் அழுகை. அதனால் அவனுக்கு வாலு என்று பெயர் விழுந்தது. வாலு வளர்ந்தான், கண்ணாடி போட்டான், ஒரு பத்திரிகையில் சேர்ந்தான். புதிதாக வரும் கேம், கேம் பெட்டி எல்லாவற்றையும் ஆடிப்பார்த்து எழுதுவதுதான் அவன் வேலை. வாராவாரம் அரைப் பக்கம். இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று அவள் கணவர் முதலில் நம்பவே இல்லை.

இந்தப் பெட்டியைப் பற்றியும் அவன்தான் எழுதினான். படம், வேகம், இன்னும் அவளுக்குப் புரியாத என்னென்னவோ எழுதியிருந்தான். நடுவில் ஒரே ஒரு வரி அவளைப் பிடித்து நிறுத்தியது. 'அறையில் ஓர் இயந்திரம் ஓடுகிறது என்பதே தெரியவில்லை. தூங்கும் குழந்தையின் பக்கத்தில் வைத்தும் ஆடலாம், குழந்தை விழிக்காது.' அதை அவள் யூனிட்டின் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். படித்துவிட்டுக் கட்டிலில் கிடக்கும் தன் பெரிய குழந்தையை நினைத்தாள். வேறு எவன் எழுதியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். எழுதியது தம்பி.

முதல் வாரம் சந்தோஷமாகத்தான் போனது. படகோட்டும் விளையாட்டு அது. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். ஏறுகிறவர்கள் துடுப்புப் போடும் நேரம் முழுக்கத் தங்கள் கதையைச் சொல்வார்கள். பாதியைச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள், மீதி வேறொரு தீவில் கிடைக்கும். டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, அவள் அதைத் திரையில் எழுத்தாகப் படித்துக்கொள்வாள். ஆனால் ஆட்டம் கொஞ்சம் சூடு பிடித்ததும் பெட்டிக்குள்ளே விசிறி எழுந்தது. முதலில் தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போல. பிறகு யூனிட்டில் மோட்டார் போடும் சத்தம் போல. அவள் திரும்பிப் பார்த்தாள். கணவர் கண்ணை மூடியபடிதான் இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவர் வலது முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அடுப்புக் கதவு சாத்திக்கிச்சு. நான்தான் கவனிக்கல" என்றார்.

"தூக்கக் கலக்கமா?"

"அதெல்லாம் இல்ல. கதவு பழசு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கட்டுப் பிரித்தபோது தோல் வெந்த ஆப்பிள் போலச் சுருங்கி இளம் சிவப்பாக இருந்தது. அன்றிலிருந்து அவள் இரண்டாவது தீவைத் தாண்டவில்லை.

பெட்டியின் அடியில் மடித்த போர்வையை வைத்துப் பார்த்தாள். சூடேறி இன்னும் அதிகமாக இரைந்தது. ஜன்னலுக்கு அருகே நகர்த்திப் பார்த்தாள். பழுதாக இருக்கும் என்று ஒரு நாள் பையில் போட்டுக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்கே போய்விட்டாள். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார், சிரித்தார்.

"பழுது ஒண்ணும் இல்லக்கா. இதுக்குப் பொறவிக் குணமே இப்படித்தான். எங்கிட்ட வந்த அத்தனையும் இப்படித்தான் கத்துது."

"பேப்பர்ல சத்தமே வராதுன்னு எழுதியிருந்தாங்களே..."

"பேப்பர்ல எழுதுறவருக்குப் பெட்டி சும்மா வருது. பையும் சட்டையும் சேர்ந்து வருது. ஓசியில வந்ததுக்குச் சத்தம் கேக்குமாக்கா?"

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதியவன் என் தம்பி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சட்டை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கம்பெனியின் முத்திரை போட்ட கறுப்புச் சட்டை. போன முறை வந்தபோது வாலு போட்டிருந்தான். வெளியூரில் பெட்டியை அறிமுகப்படுத்தும் விழாவுக்கு அழைத்துப் போனார்களாம், கடலைப் பார்த்த அறை கொடுத்தார்களாம். கசங்கியிருக்கிறதே என்று அவளே வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள். துணி நல்ல துணி, தையலும் சுத்தம் என்று சொன்னாள். இப்போது அந்தத் தையலே நெஞ்சில் குத்தியது. மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனில் தேடித் தேடிப் படித்தாள். எல்லோரும் அமைதி அமைதி என்றே எழுதியிருந்தார்கள். முதலில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. யோசிக்க யோசிக்க ஆறுதல் கலைந்துவிட்டது. இத்தனை பேர் எப்படி ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்?

பெட்டி போனால் போகட்டும். ஒரு மணி நேரமும் போனால் போகட்டும், இத்தனை வருஷம் அது இல்லாமலா இருந்தாள். தம்பி ஒரு சட்டைக்கு விலைபோய்விட்டானா என்பது மட்டும் தெரிய வேண்டும். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனே வந்து நின்றான். முதுகில் பை, முகமெல்லாம் வியர்வை, வாசலிலேயே சிரிப்பு. அன்றைக்குக் கணவருக்கு விடுமுறை. பனியனோடு உட்கார்ந்து, தொழிற்சாலையில் கோணலாக வெந்துபோன ரொட்டிகளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். விற்க முடியாதவற்றை வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள்.

"வாங்க பத்திரிகைக்காரரே. இந்த வாரம் எதைப் புகழ்ந்தீங்க?"

"உங்களைத்தான் மாமா. கோணல் ரொட்டியைக்கூட நேரா வெட்றீங்களே."

"பாத்தியா, எனக்கும் ஒரு சட்டை வரப்போகுது" என்று அவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் தட்டு எடுத்த கை நின்றது.

சாப்பாடு போட்டாள். முட்டையும் கீரையும் சோறும். அவன் முதல் வாய் எடுப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"அக்கா, என் வரி அட்டையில வருது."

"எந்த அட்டை?"

"பெட்டி அட்டையில! கம்பெனிக்காரங்க கேட்டாங்க. இனிமே வர்ற எல்லாப் பெட்டியிலயும். கீழ என் பேரு, பத்திரிகை பேரு. எத்தனை நாட்டுக்குப் போகும் தெரியுமா? இன்னைக்கே சரின்னு சொல்லச் சொன்னாங்க. நான்தான் எங்கக்காகிட்ட முதல்ல சொல்லிட்டு வந்து சொல்றேன்னேன்."

"எந்த வரிடா?"

"அதான்... தூங்குற குழந்தை."

அவள் ரசம் எடுக்கப் போவதுபோலத் தடுப்புக்குப் பின்னால் போனாள். அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. அடுப்பு மேடையை ஒருமுறை துடைத்தாள். கதவுக்குப் பின்னால் நின்று அழுத பையன் இன்றைக்கு இவ்வளவு பெரிய சந்தோஷத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் தன்னிடம் ஓடி வந்திருக்கிறான். திரும்பி வந்து, "நல்லா இருக்குடா" என்றாள். அவள் குரல் அவளுக்கே நம்பும்படி இல்லை.

"சரி, நீ சொல்லு. எந்தத் தீவு வரைக்கும் போன?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து அவள் தயாராகத்தான் இருந்தாள். "ஆறாவது தீவு தாண்டிட்டேன். அதுக்கு அப்புறம் கடலோட நிறமே மாறிடுதேடா. ஈயம் பூசின மாதிரி. துடுப்பு தண்ணியைத் தொடுதா, வானத்தைத் தொடுதான்னு சந்தேகமா இருக்கு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா, அது நான் எழுதினது."

"எது?"

"ஈயம். வானத்தைத் தொடுதா... எல்லாம்."

கணவர் உரக்கச் சிரித்தார். "தம்பி சரக்கைத் தம்பிக்கே வித்துட்டியா!" சிரித்தது தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் ரொட்டித் துண்டைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"நீ ஆடவே இல்ல" என்றான் தம்பி. சந்தோஷம் முகத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. "எனக்காக வாங்கினியா? சின்ன வயசுல நான் ரொம்ப அழுதா கடைசி ஆட்டம் தோத்துக் குடுப்பியே, அந்த மாதிரியா?"

"அதெல்லாம் தெரியுமா உனக்கு?"

"தெரியாமயா? தெரிஞ்சுதான் இன்னும் சத்தமா அழுவேன்."

"ரெண்டு தீவு ஆடியிருக்கேன்டா. நேரம் வரலை."

"இத்தனை நாள்லயா? இரு, நான் காட்றேன். மூணாவது தீவு தாண்டிட்டா உன்னால கீழ வைக்கவே முடியாது."

கையைக் கழுவிவிட்டு டிவியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பையைத் திறந்தான். கிண்ணங்களைக் கவிழ்த்தது போன்ற பெரிய ஹெட்போனை எடுத்துக் கன்ட்ரோலரில் செருகினான். பெட்டியை முடுக்குவதற்கு முன்பே இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டான். யோசித்து மாட்டவில்லை. படிக்க உட்காருகிறவர் கண்ணாடியைத் தேடுவதுபோலக் கை தானாகப் போனது, தானாக மாட்டியது. பிறகு படகை அவிழ்த்தான். இரண்டாவது தீவு பின்னால் போனது. அரிசி புடைக்கும் சத்தம் எழுந்தது. படகு திறந்த கடலுக்கு வந்தது. மோட்டார் சத்தம் எழுந்தது. கணவர் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவன் முதுகை நேராக்கிக்கொண்டு, வேறெங்கோ கேட்கும் இசைக்குத் தலையை ஆட்டியபடி, அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"பாத்தியாக்கா? எவ்ளோ அமைதி!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சிரிப்பு வந்தது. அவன் விலைபோகவில்லை. அவனுக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவுதான் சங்கதி. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது கழன்று எங்கோ உருண்டு போய்விட்டது. அவன் பின்னந்தலையைப் பார்த்தாள். உச்சியில் முடி கொஞ்சம் கொட்டத் தொடங்கியிருந்தது. கன்னம் மட்டும் சின்ன வயதில் விளையாடும்போது உப்புவதுபோலவே உப்பியிருந்தது.

அப்படியே விட்டுவிடலாம் என்று அடுத்த நிமிடமே தோன்றியது. அவள் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டாள். இவன் சந்தோஷமாக எழுந்து போகட்டும், பெயர் நாடு நாடாகப் போகட்டும். கணவரைப் பார்த்தாள். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மெதுவாகத் தலையை அசைத்தார். வேண்டாம், பாவம், விடு. அசைக்கும்போதே இடது கை வலது கையின் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. தடவுவது அவருக்கே தெரியவில்லை.

எங்கோ ஒரு வீட்டில் நிஜமாகவே ஒரு குழந்தை தூங்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அதன் அம்மா கடையில் நின்று அட்டையைத் திருப்பிப் படிப்பாள்.

போய்க் குனிந்து, அவனுடைய ஒரு பக்கக் காதுக் கிண்ணத்தை மட்டும் விரலால் தூக்கினாள்.

அவன் முதலில் ஜன்னலைப் பார்த்தான். "வெளிய என்ன, லாரியா?"

"இல்லடா."

ஃபேனைப் பார்த்தான். அது நின்றிருந்தது. பிறகு கையை நீட்டிப் பெட்டியின் மேல் வைத்தான். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்து அப்படியே இருந்தான். இன்னொரு கையால் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டான்.

"எப்பவுமே இப்படியா?"

"ரெண்டாவது தீவு தாண்டினா."

"இந்தப் பெட்டி மட்டும்..."

"பழுது பாக்குற கடையில காட்டினேன். எல்லாமே இப்படித்தானாம்."

படகு துடுப்புப் போட ஆளில்லாமல் கடல் நடுவே நின்றது. கொஞ்ச நேரத்தில் சத்தமும் அடங்கியது. பேச்சை அவன்தான் தொடங்கினான். தொடங்கும்போது குரல் தனக்கே கணக்கு ஒப்பிப்பதுபோல இருந்தது. ஆபீஸில் ஆடிப்பார்க்கும் அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், அடுத்தவருக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று எல்லோரும் ஹெட்போன் போட்டுக்கொள்வார்கள். தங்கியிருக்கும் விடுதியிலும் அப்படித்தான். மற்ற பத்திரிகைக்காரர்களும் அப்படித்தான். பெட்டி கடைக்கு வருவதற்கு முன்பே இவர்களுக்கு வந்துவிடும், கூடவே அதன் பெருமைகளைச் சொல்லி ஒரு தாள் வரும். அதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் ஹெட்போனை மாட்டுகிறார்கள்.

"அந்தத் தாள்லயே இருந்துச்சுக்கா. சத்தமே இல்லாத புது விசிறின்னு. நானும் கேட்டேன், ஒரு சத்தமும் இல்ல. எப்படி இருக்கும்?"

"அந்தக் குழந்தையும் தாள்ல இருந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. குழந்தை மட்டும் நானா சேர்த்தது."

"யார் குழந்தைடா?"

"ஒரு குழந்தையும் இல்லக்கா. எழுதறப்ப நல்லா இருந்துச்சு."

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இதுவரை கேட்காததை இப்போது கேட்டுவிட முடிந்தது. "அவங்க சட்டை குடுத்தாங்க, ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு... அதுக்காக எழுதலையே நீ?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். அவன் கொஞ்சம் யோசித்தான். அவன் யோசித்தது அவளுக்குப் பிடித்தது.

"அதுக்காக இல்ல. ஆனா தெரியலக்கா. பெட்டி வந்து சேர்ந்த அன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? ஊர்ல யாருக்கும் வரதுக்கு முன்னாடி எனக்கு வந்துடுச்சுன்னு. அவ்ளோ சந்தோஷமா இருக்கறப்ப அதுல குறை இருக்குமான்னு தேடத் தோணல." ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். "கழட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

நிமிர்ந்தவன் கண் மாமாவின் கையில் போய் நின்றது. சட்டை போட்டிருந்தால் தெரிந்திருக்காது.

"மாமா, அது எப்ப ஆச்சு?"

"அது அடுப்புக் கதவு. பழைய கதவு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" பதில் கேள்வியைவிட வேகமாக வந்துவிட்டது. மூன்று பேருக்கும் அது கேட்டது. தம்பி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வெட்டி வைத்த ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண். அவன் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசினான்.

"சார், அட்டை வேலை முடிக்கணும், அதான் ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம கூப்பிட்டேன். சரிதானே சார்?"

"அந்த வரியைப் போடாதீங்கம்மா. அது தப்பு."

"எழுத்துப் பிழையா சார்?"

"இல்ல. பெட்டி சத்தம் போடுது."

அந்தப் பெண் கோபமில்லாமல், கொஞ்சம் களைப்பாகவே சொன்னாள். "எல்லாருமே அதைத்தானே சார் எழுதியிருக்காங்க. உங்களது கொஞ்சம் அழகா இருந்துச்சு, அவ்ளோதான். நீங்க வேண்டாம்னா வேற ஒருத்தர் வரியைப் போட்டுடுவாங்க. காலைல வரைக்கும் யோசிங்க சார்."

"யோசிச்சுட்டேன்மா."

"எனக்காக யோசிங்க சார், எங்க மேலாளர்கிட்ட நான் என்ன சொல்ல?" என்று சிரித்தாள். அவள் போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு பாவமாகக் காதில் இருந்தது.

"திரும்ப எழுதணும்" என்றான் அவன். "முன்னாடி எழுதினது தப்புன்னு சொல்லி எழுதணும்."

"உங்க ஆசிரியர் போடுவாரா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியல. இனிமே முன்கூட்டியே பெட்டி எனக்கு வராது. அது மட்டும் தெரியும். கடையில வரிசையில நின்னு வாங்கணும். அதுக்குள்ள மத்தவங்க எல்லாம் எழுதி முடிச்சிருப்பாங்க. அப்புறம் என் அரைப் பக்கத்தை யார் படிப்பா?"

"நான் படிப்பேன்."

"நீ படிச்சுட்டு எனக்கே ஒப்பிப்ப."

அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் சிரித்தான். சரியாக வராத சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு.

கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "எழுதறதுன்னா இந்தத் தடவை ஒழுங்கா எழுது. சத்தம் வருதுன்னா எவ்ளோ சத்தம்? எந்த இடத்துல வருது? ஒரு ஆள் எப்ப முழிப்பான்? நான் படுக்கறேன். உங்கக்கா ஓட்டட்டும். எந்த இடத்துல எனக்குத் தூக்கம் கலையுமோ அந்த இடத்துல விரலைத் தூக்கறேன். இதுல என்னைவிட அனுபவஸ்தன் உனக்கு ஊர்ல கிடைக்க மாட்டான்."

சொல்லிவிட்டு நிஜமாகவே கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கம் ஒருக்களித்து, கண்ணை மூடிக்கொண்டார். தலையணையைக்கூடச் சரிசெய்துகொண்டார். பரீட்சை எழுத வந்தவர் போல இருந்தது. அவள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். பட்டப்பகலில், இரண்டு பேர் பார்க்க, இது தன் வேலை என்பதுபோலப் பிடித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

படகு நகர்ந்தது. பெட்டி மெல்ல இரையத் தொடங்கியது. கட்டிலில் ஒரு விரல் எழுந்தது.

"இதுக்கேவா?" என்றான் தம்பி.

"இது புரண்டு படுக்கற சத்தம். இன்னும் முழிக்கல."

கடல் அகலமானது. இரண்டாவது விரல் எழுந்தது. பிறகு கையே எழுந்தது. "இப்ப முழிச்சாச்சு. இப்ப எழுந்து உங்கக்காவைத் திட்டறேன்."

"என்னைக்கு நீங்க திட்டினீங்க?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு மெதுவாக, "திட்டியிருக்கலாம்" என்றாள்.

அவர் தூக்கிய கையை மட்டும் கீழே இறக்கி, கட்டிலின் ஓரத்தில் அவள் தலைக்கு அருகே தொங்கவிட்டார்.

மூன்றாவது தீவில் ஒரு பெரியவர் ஆட்டுக்குட்டியோடு ஏறினார். அவர் பேசத் தொடங்கினார். தம்பி பெட்டியின் அருகே காதை வைத்துக் கேட்டான். எழுந்து தடுப்புக்குப் பின்னால் போய்க் கேட்டான். "இங்கயும் கேக்குது!" என்று அங்கிருந்து குரல் வந்தது. அவள் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள். உடனே, "நிறுத்தாதக்கா, ஓட்டிட்டே இரு! நீ நிறுத்தினா அது அடங்கிடும். எது வரைக்கும் கேக்குதுன்னு பாத்துட்டு வரேன்" என்றான். அவள் ஓட்டினாள். கதவு திறந்தது. செருப்புப் போடாமலே அவன் வாசலுக்கு இறங்கிப் போவது கேட்டது.

ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. அவன் வாசலில் நின்றான், தலையைச் சாய்த்தான், பின்னால் நகர்ந்தான். மறுபடி நின்றான். தெருவைக் கடந்து எதிர்ப்புறம் போய், மூடிய கடை ஒன்றின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து நின்றான். போகிற வருகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். படகில் பெரியவர் தன் ஆட்டுக்குட்டி எப்படித் தொலைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேருந்து ஒன்று வந்து நடுவில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை ஜன்னலிலும் வைத்துத் துடுப்பை விடாமல் போட்டாள். பேருந்து நகர்ந்தபோது அவன் அங்கே இல்லை. இன்னும் தள்ளி, தெரு திரும்பும் இடத்தில், வெறுங்காலோடு நின்றுகொண்டு இந்தப் பக்கம் காதைச் சாய்த்திருந்தான்.